தாழ்ப்பாள் யார் கையில்?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் காதல் கதை என்றால் அதில் மாயம் இருந்தாக வேண்டும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. செய்யாறு வட்டாரத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூத்தைக் காத்துவருகிறார்கள்.

வியாசர் அறியாத அல்லி நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்தவள். மதுரையை ஆளும் ராணி, ஆண்வாடையே ஆகாதவள். கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, அதன் அடியில் சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். ஆண்பிள்ளையின் கால்கள்தாம் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் திரை விலகி அரிதாரமும் கிரீடமுமாக அவர் ஓர் அடி எடுத்து வைத்தால், அல்லி ராணியே வந்துவிட்டாள் என்று கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவளை அடைய அர்ச்சுனன் பாம்பாக மாறி அரண்மனைக்குள் நுழைகிறான். தூங்குகிறவள் கழுத்தில் அவளுக்கே தெரியாமல் தாலி கட்டிவிடுகிறான். கட்டுக்காவலை ஏமாற்றிய சாமர்த்தியமாகத்தான் அதை எல்லோரும் ரசித்தார்கள்.

சினிமா வந்ததும் இந்தக் கதைகளைத்தான் முதலில் வாரிக்கொண்டது. 1934-இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்த ‘பவளக்கொடி’ வந்தது. பிள்ளை பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப்போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கண்டு மயங்கும் கதை அது. 1951-இல் ‘பாதாள பைரவி’யில் தோட்டக்காரக் குடும்பத்துப் பையன் இளவரசியைக் காதலித்தான், இடையில் மந்திரவாதி, பாதாளக் குகை. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து உட்கார்ந்து, ரீல் மாற்றும் இடைவேளைகளில் முறுக்கு கடித்தபடி ஜனங்கள் அதையெல்லாம் பார்த்தார்கள். தோட்டக்காரன் மகனுக்கு ராஜகுமாரி கிடைப்பாள் என்று ஊருக்குள் சொல்ல முடியாததைத் திரை சொன்னது.

1977-இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு கேமரா நிஜமான கிராமத்துக்குள் இறங்கியது. அரண்மனைகள் மறைந்தன. ஆனால் ராஜா ராணி கதை எங்கும் போய்விடவில்லை, வேட்டி கட்டிக்கொண்டது. பி. வாசு இயக்கி 1991-இல் வந்த ‘சின்னத்தம்பி’யே சாட்சி. இந்தப் பெண் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்வாள் என்று ஒரு ஜோசியம். அதற்குப் பயந்த மூன்று அண்ணன்கள் தங்கை நந்தினியை வீட்டோடு அடைத்து வளர்க்கிறார்கள். அவள் தெருவில் வந்தால் ஆண்கள் ஒதுங்க வேண்டும். அங்கே உலகம் அறியாத ஒரு பாட்டுக்காரன் வருகிறான். அவள் கேட்கிறாள், அவன் தாலி கட்டுகிறான். கட்டியது என்னவென்று அவனுக்குத் தெரியாது. அல்லி கதை இங்கே தலைகீழாகிவிட்டது. தாலியின் அர்த்தம் அறிந்தவள் பெண், அறியாதவன் ஆண். குஷ்புவும் பிரபுவும் இளையராஜாவின் பாட்டும் சேர்ந்து தமிழ்நாட்டையே மயக்கிய அந்தப் படத்தின் உயிர்நாடி இந்தத் திருப்பம்தான் என்று நான் நினைக்கிறேன்.

2014-இல் ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’ வந்தது. போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊர். வானத்திலிருந்து விழுந்த கல்லைச் சாமியாகக் கும்பிடும் ஊர். அங்கே ஒரு போட்டோகிராபருக்குக் காதல் வருகிறது. மந்திரவாதியின் இடத்தில் ஊராரின் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று டூரிங் டாக்கீஸ் கிடையாது. படம் கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கதை. அல்லி பேரைக் கேட்டால் பல பிள்ளைகள் விழிக்கிறார்கள். பெண்கள் காலேஜுக்கும் வேலைக்கும் பஸ் ஏறிப் போகிறார்கள், மனசுக்குப் பிடித்தவனைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அண்ணன்மார் காவல் மட்டும் முழுதாக விலகவில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தின் பேரில் நத்தம் காலனியின் வீடுகள் எரிந்தன. அதை எந்தப் பாதாளக் குகையோடும் ஒப்பிட முடியாது. சாதி மாறிக் காதலித்தவர்கள் உயிரோடு சேர்ந்து வாழ்வதே இன்னும் சில ஊர்களில் மாயக்கதையாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம் திருவண்ணாமலையிலேயே இந்தக் கதைகளையெல்லாம்விட நல்ல காதல் கதை ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் வீதியில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நடக்கும். தன்னை வணங்காத பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்க சுவாமி கிளம்புவதில் அம்மனுக்குக் கோபம். அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். சுவாமி குமரக்கோயிலில் இரவைக் கழித்து, மறுநாள் 14 கிலோமீட்டர் மலை சுற்றி வந்த பிறகே சமாதானம்.

அல்லியின் கதவை அர்ச்சுனன் பாம்பாகிக் கடந்தான். நந்தினியின் கதவை அண்ணன்கள் பூட்டினார்கள். இங்கே பூட்டுகிறவளும் அம்மன், திறக்கிறவளும் அம்மன். அகில லோகத்துக்கும் நாயகனானவர் வெளியே காத்திருக்கிறார். கிராமத்தில் நடக்கும் ஒரு மாயக்காதல் படத்தை இளம் இயக்குநர்கள் எடுப்பதானால், இந்த மலையடிவாரத்தில், இந்தக் கதையிலிருந்து தொடங்கட்டும். பெண்ணின் சம்மதத்துக்காகக் கடவுளே காத்திருக்கும்போது, நாம் காத்திருப்பதில் என்ன குறைச்சல்?