ஆற்றங்கரைப் புல்லை ஏன் வெட்டாம விட்டிருக்காங்க?

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றோரம் நடந்திருக்கீங்களா?

மேலே புல்வெளி ஒழுங்கா வெட்டியிருக்கும். தண்ணீர்ப் பக்கம் இறங்க இறங்கக் காட்சி மாறிடும். முழங்கால் உயரப் புல், கோரை, பேர் தெரியாத பூச்செடிகள்.

"இங்கே மட்டும் வெட்ட ஆள் வரலையா?" என்று தோன்றலாம்.

யாரும் மறக்கவில்லை. அந்தச் செடிகளுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது.

முன்பு எப்படி இருந்தது?

அந்த இடத்தில் 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது. மழைநீரைச் சீக்கிரமாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அங்கே விதை விழுந்தாலும் வேர்பிடிக்க மண் கிடையாது. அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006-இல் ஏபிசி நீர்நிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் கால்வாய் உடைக்கப்பட்டது. 2012-இல் பூங்கா மறுபடியும் திறக்கப்பட்டபோது, அங்கே சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறு இருந்தது.

கான்கிரீட் இல்லைன்னா கரை கரைஞ்சிடாதா?

நியாயமான கேள்வி. சிங்கப்பூர் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் 2009-இல், ஆற்றைத் தொடுவதற்கு முன்பே, அருகில் ஒரு சிறு வடிகாலில் 10 முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று, உயிருள்ள குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கரைச்சரிவில் பதிப்பது. கொஞ்ச நாளில் அவை வேர்விடும். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் துளிர்க்குமே, அதே கதைதான்.

வேர்கள் மண்ணை வலைபோலப் பிடித்துக்கொள்கின்றன. வெள்ளம் வரும்போது புல்லும் கோரையும் தண்ணீரோடு சாய்ந்து படுத்துவிடும். அப்போது மண்மேல் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். மண்ணை உரசும் தண்ணீரின் வேகமும் குறையும். ஒட்ட வெட்டிவிட்டால் சாய்ந்து மூடுவதற்கு எதுவுமே இருக்காது.

எல்லாம் நட்டு வைத்ததா?

இல்லை. ஆரம்பத்தில் நட்டது உண்மை. ஆனால் கரை மண்ணாக மாறிய பிறகு, மற்ற செடிகள் தானாக வர வழி திறந்துவிட்டது. சம்பின் விதை பஞ்சுபோலப் பறக்கும். அத்திப் பழத்தைத் தின்ற பறவை விதையை வேறு எங்கோ போட்டுவிட்டுப் போகும். மேல்புறத்திலிருந்து வெள்ளம் கொண்டு வருவது தனி.

அங்கே 66 வகைக் காட்டுப்பூக்கள், 59 வகைப் பறவைகள், 22 வகைத் தும்பிகள் அடையாளம் காணப்பட்டதாக அந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். விலங்கு எதையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீர்நாய்கள்கூடத் தானாகத்தான் வந்தன.

அப்போ சும்மா விட்டாலே போதுமா?

இங்கேதான் சிக்கல். காலி இடத்துக்கு முதலில் வருவது நம்ம ஊர்ச் செடியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தொட்டாற்சுருங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தொட்டு விளையாடாதவர் யார்? அதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அது போகட்டும், சின்னச் செடி. மலாயில் பெத்தாய் பெலாலாங் என்றும் தமிழில் சவுண்டல் என்றும் சொல்லும் மரம் வந்துவிட்டால் கதை வேறு. வேகமாக வளரும், அடர்த்தியாகக் கூட்டம் போடும், மற்ற நாற்றுகளுக்கு வெளிச்சம் விடாது. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். விதையோ மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும்.

அல்பிசியா மரமும் அப்படித்தான், மின்னல் வேகத்தில் உயரும். கட்டை மென்மையானது என்பதால் புயற்காற்றில் கிளை முறிந்து விழும். நடைபாதை ஓரத்தில் அதை விட்டுவைக்க முடியாது.

ஆகவே "வளரவிடுவது" என்றால் எட்டிப் பார்க்காமல் இருப்பது இல்லை. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், மாதாமாதம் இயந்திரத்தால் வெட்டித் தள்ளுவதைவிட இதுதான் கஷ்டமான வேலை.

2020 ஞாபகம் இருக்கா?

கொவிட்-19 பரவலை முறியடிக்க ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லாரும் வீட்டில் இருந்தபோது பல இடங்களில் புல் வெட்டுவது நின்றுபோனது. சாலையோரத்தில் காட்டுப்பூக்கள் எட்டிப் பார்த்தன. பட்டாம்பூச்சிகளும் புல்விதை தின்னும் சில்லைகளும் வந்தன. சிலர் படம்பிடித்து ரசித்தார்கள். சிலர் "டெங்கி வந்துடும்" என்று பயந்தார்கள்.

அந்தப் பயத்தை ஒதுக்க முடியாது. ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில், ஓடும் ஆற்றில் அல்ல. புதருக்குள் நீங்கள் தேட வேண்டியது யாரோ வீசிவிட்டுப் போன பபிள் டீ குவளையை. அதில் நிற்கும் கொஞ்சம் மழைநீரே கொசுவுக்குப் போதும்.

கரைக்குப் போகும்போது

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. அந்தப் புல்சரிவு ஆற்றுக்கே சொந்தம். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது கனமழையில் தண்ணீர் ஏறக்குறைய 100 மீட்டர் வரை பரவ இடம் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஒலிக்கும். வானம் இருட்டினாலே மேலே ஏறிவிடுங்கள், சங்கு ஒலிக்கும்வரை நின்று படமெடுக்க வேண்டாம்.