அடைத்த பல் ஏன் கழன்று விழுகிறது?



"அடைச்சாலும் நிக்காது, புடுங்கிப் போடுங்க டொக்டர்." லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒருமுறை அடைத்த பல் மூன்றாம் மாதமே கழன்று விழுந்தால், அந்த வீட்டில் அடுத்த பிள்ளையின் பல்லை அடைக்க யாரும் கூட்டிப் போவதில்லை. ஒரு நாள் பேரும் போய், அடைத்ததும் போனால் கோபம் வருவது நியாயந்தான். ஆனால் எதனால் கழன்றது என்று தெரிந்துகொண்டால் அடுத்த பல்லையாவது காப்பாற்றலாம்.

நெடுந்தீவு மதில்

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகேறுவார்கள். நெடுந்தீவுக்கும் அந்தத் துறையிலிருந்துதான் படகு. நெடுந்தீவில் காணிக்குக் காணி முருகைக்கல் மதில்களைப் பார்க்கலாம். அவற்றுக்கு சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லின் மேடு பள்ளத்தில் அடுத்த கல்லைப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பூட்டிக்கொண்டு நிற்கிறது. அதே தீவில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டையும் முருகைக்கல்லில் கட்டியதுதான். ஆனால் அங்கே சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள்.

பல் அடைப்பதிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

பூட்டி நிற்பது: வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு கலந்து அடைக்கும் கறுப்பு நிறக் கலவை பழைய முறை. அது பல்லோடு ஒட்டாது. ஆகவே டொக்டர் ஓட்டையை குடம் மாதிரி, வாய் குறுகி அடி அகலமாகக் கடைவார். உள்ளே இறுகியதும் வெளியே வர வழியில்லை. இதில் உள்ள நட்டம், நல்ல பல்லிலும் கொஞ்சம் கடைய வேண்டும். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்த பிறகு உலகமெங்கும் இந்த முறை குறைந்து வருகிறது.

ஒட்டி நிற்பது: 1955இல் அமெரிக்காவைச் சேர்ந்த பல் வைத்தியர் மைக்கேல் புவோனோகோர் ஒரு வழி கண்டார். பல்லின் மேற்பரப்பில் 30 செக்கன் பொஸ்போரிக் அமிலம் பூசிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். பிசின் அதற்குள் ஊறி இறுகிக்கொள்ளும். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவரைக் கவனியுங்கள். உப்புத்தாளால் தேய்க்கிறார், துடைக்கிறார், சொலூசன் பூசுகிறார், பிறகுதான் ஒட்டுகிறார். இதுவும் அப்படித்தான். இன்று நீல ஒளி பிடித்து இறுக வைக்கும் பல் நிற அடைப்பு இந்த வழியில் வந்தது.

1972இல் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் ஆகிய இருவர் கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தை வெளியிட்டார்கள். இது பல்லில் உள்ள கல்சியத்தோடு தானாகவே பிணைகிறது, புளோரைட்டையும் மெல்ல வெளிவிடுகிறது. மின்சாரமும் கடையும் இயந்திரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இதை அடைக்கலாம். பல் நாற்காலி போய்ச் சேராத இடங்களுக்காகவே 1980களில் தன்சானியாவில் அந்த முறையைத் தொடங்கினார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சீமெந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எதிரி எச்சில்தான்

சேம்பிலையில் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். கழுவின பீங்கானில் ஊற்றினால் பரவும். ஒட்டும் பொருள் ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரவ வேண்டும். பரவ வேண்டுமானால் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். எச்சிலோ இரத்தமோ பட்டால் பல்லில் ஒரு மெல்லிய படலம் பிடித்துவிடும். பிறகு பல்லில் ஒட்டாமல் அந்தப் படலத்தில்தான் ஒட்டும். ஈரத் தகரத்தில் தார் பூசின கதைதான்.

ஓட்டை ஆழமாக இருந்தாலும் கஷ்டமே. பல்லின் மேல் ஓடான எனாமல் ஏறக்குறைய முழுக்க கனிப்பொருள், அதில் நன்றாக ஒட்டும். அதன் கீழே உள்ள பகுதி இயற்கையிலேயே ஈரமானது, அங்கே பிடிப்பு குறைவு. ஆகவே சின்ன ஓட்டையில் போட்ட அடைப்பு நீண்ட நாள் நிற்கும். வலி வந்த பிறகு போனால் சில நேரம் அடைக்கவே முடியாது.

நமது தோட்டங்களின் கதை

1970இல் ஹரல்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரின் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதித்து, 15 வருடம் தொடர்ந்து பார்த்தது. அவர்கள் பிரஷ் பிடித்துப் பல் விளக்காதவர்கள். ஈறு நோய் நிறைய இருந்தது. சொத்தையோ மிக அரிது! இன்று பிள்ளை மடுவத்திலேயே சொத்தைப் பல்லைப் பார்க்கிறோம். சீனித் தேத்தண்ணி, பிஸ்கட், டொபி என்று நாள் முழுக்க வாயில் இனிப்பு இருந்தால் பல் தாங்காது.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

1. ஆறு வயதளவில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் அல்ல. அதைப் பிடுங்கினால் வேறு முளைக்காது.

2. கறுப்புப் புள்ளி, சின்னக் குழி கண்டவுடன் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை.

3. பல் விளக்கி, வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுப் போங்கள்.

4. டொக்டர் சொல்லும் வரை வாயை மூட வேண்டாம். எச்சில் ஊறினால் கையைக் காட்டச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள்.

5. சீமெந்து அடைப்பு என்றால் ஒரு மணி நேரமாவது எதையும் மெல்லக் கூடாது. அன்று முழுக்க முறுக்கு, கடலை வேண்டாம்.

6. அடைத்தது விழுந்தால் குளூ, புகையிலை வைக்காதீர்கள். திரும்பப் போங்கள். முகம் வீங்கி காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

7. இரவில் புளோரைட் பற்பசையால் பல் விளக்கிய பிறகு தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

நெடுந்தீவு மக்கள் பல்லுக்காக யாழ்ப்பாணம் போவதென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். நமக்குக் கடல் இல்லை. நமக்கு ஒரு நாள் பேர்தான் கடல். சின்னக் குழியாக இருக்கும்போதே அதைத் தாண்டிவிட்டால், பிறகு பலமுறை தாண்ட வேண்டியிராது. "அடைச்சாலும் நிக்காது" என்ற பேச்சை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிப் போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.