கைத்தொலைபேசியும் வணிகத் தேவையும்: எம்-பெசா பற்றிய ஒரு நோக்கு

வணிகக் கருமங்களுக்கெனக் கைத்தொலைபேசி அமைப்பொன்றை உருவாக்க முனைவோர், அதன் செயற்றிறன் எத்தகையதாதல் வேண்டும், பாவனையாளர் தொகை பெருகுமிடத்து அது எவ்வாறு ஈடுகொடுக்கும் என்னும் வினாக்களை முதற்கண் எழுப்புவர். இவற்றுக்கான விடை பொறியியலாளரின் மேசையிலே கிடைக்கும் என்பது பரவலான எண்ணம். அவ்விடை சமூக உறவுகளிற் பொதிந்துள்ளது என்பதற்குக் கென்யாவின் எம்-பெசா தக்க சான்றாகும்.

2005 ஒக்ரோபரில் வோடபோனும் சபாரிகொமும் இதனைச் சில நூறு பேரிடையே பரிசோதித்தன. பிரித்தானிய அரசின் அபிவிருத்தி நிதியும் துணைநின்றது. நுண்கடன் பெற்றோர் தவணைப் பணத்தைத் தொலைபேசி வழியே செலுத்துவர் என்பதே அப்போது வகுக்கப்பட்ட தேவை. மக்களோ பிறருக்குப் பணம் அனுப்பவும், பயணத்தின்போது பணத்தைக் காத்துக்கொள்ளவும் அதனைக் கையாண்டனர். நகரத்தில் உழைப்பை விற்றுக் கிராமத்திற் குடும்பத்தைப் பேணும் மக்களின் தேவை அது. கடன் கொடுத்தோரின் ஏட்டில் அதற்கு இடமிருக்கவில்லை. 2007 மார்ச்சில் சேவை தொடங்கியபோது வீட்டுக்குப் பணம் அனுப்புதலே அதன் முழக்கமாயிற்று. ஓராண்டுக்குள் பாவனையாளர் 10 இலட்சத்தைக் கடந்தனர்.

இத்தகைய அமைப்பிற்குச் சராசரி என்பது ஏமாற்றும் அளவுகோல். சம்பள நாளிலும் பண்டிகைக்கு முந்திய நாளிலும் ஒருசேரக் குவியும் கட்டளைகளையே கணக்கிடல் வேண்டும். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வந்த பின்னரே முகவர் காசைக் கொடுப்பார். செய்தி தாமதித்தால் வரிசை நீளும்; பொறுமையிழந்தவர் மீண்டும் அனுப்புவார். ஆகவே ஒரே கட்டளை இருமுறை வரினும் பணம் ஒருமுறையே கழிக்கப்படல் வேண்டும். மிக மலிவான தொலைபேசியிலும் இயங்க வேண்டியிருந்தமையால் சேவையின் பட்டியல் சிம் அட்டையிலேயே பதிக்கப்பட்டது.

விரிவாற்றல் பற்றிய உரையாடல்களில் வழக்கமாக விடுபடுவது முகவரின் உழைப்பு. சேவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம். (அவை 2015 வரை ஜேர்மனியில் இருந்தமை தனியே ஆராயத்தக்க அரசியற் பொருளாதார விடயம்.) முகவரின் கையிருப்பை அவ்வாறு கூட்ட இயலாது. நகரத்தில் பணம் செலுத்த வருவோர் மிகுதி. அங்கு முகவரின் மின்பண இருப்புத் தீர்கின்றது. கிராமத்திற் பணம் எடுக்க வருவோர் மிகுதி. அங்கு காசு தீர்கின்றது. இவ்விடைவெளியை நிரப்பக் காசைச் சுமந்து வங்கிக்குச் செல்பவரின் நேரமும், வழியில் அவர் எதிர்கொள்ளும் ஆபத்தும் அமைப்பின் கொள்ளளவைச் சேர்ந்தவையே. அவருக்குக் கிடைப்பதோ தரகுப் பணம் மட்டும்.

முகாமையாளரை வினவித் திரும்புவோரின் அட்டவணையில் இச்சுமை ஏறுவதில்லை. மாத இறுதியில் முகவரின் கடை முன் நின்று, வந்தோர் எத்தனை பேர், காத்திருந்த நேரம் எவ்வளவு, காசின்மையால் திருப்பியனுப்பப்பட்டோர் எத்தனை பேர் எனக் குறித்துக்கொள்பவருக்கே அது தென்படும்.