நின்று காக்கும் நீர் எது?

போடி ஏலச் சந்தைக்கு வரும் ஏலக்காயை நசுக்கினால் மூக்கில் குளிர்ந்தேறும் மணத்திற்குச் சினியோல் என்னும் எண்ணெய்ப் பொருளே பெருங்காரணம். அதே சினியோல், தைமோல், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகியவற்றோடு கலந்து, தேனி, கம்பம் மருந்துக்கடைகளில் வாய் கொப்பளிக்கும் நீராகவும் விற்கிறது. அருகிலேயே இருப்பது குளோர்எக்சிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி நீர். வீட்டிலோ நல்லெண்ணெய். ஈறு வீங்கிக் குருதி கசிபவர் எதை நாடுவது?

முதலில் பகையை அறிவோம். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 12 பேர் ஆய்வுக்காகப் பல் துலக்குவதை நிறுத்தினர். பல்லின் மேல் நுண்ணுயிர்ப் படலம் திரண்டது. மூன்று வாரத்திற்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அழற்சி தணிந்தது. படலமே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

குளோர்எக்சிடினின் சிறப்பு, கொல்வதில் மட்டுமன்று; நிற்பதிலும் உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட அதன் மூலக்கூறுகள் பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டி, சிறிது சிறிதாக விடுபட்டு ஏறத்தாழ 12 மணி நேரம் வினைபுரிகின்றன. ஆகவே 0.2 விழுக்காட்டு நீரை 10 மி.லி. அளவில் நாளுக்கு இருமுறை கொப்பளித்தல் போதும். ஆயினும் நாட்பட்டால் பல் பழுப்பேறும், சுவை திரியும். தேநீர் மிகுதியாகப் பருகுவோர்க்குக் கறை இன்னும் கூடும். பற்பசையின் நுரைப்பொருள் இதன் ஆற்றலைக் கெடுப்பதால், துலக்கிய பின் அரைமணி பொறுத்தே கொப்பளிக்க வேண்டும்.

சினியோல் முதலிய எண்ணெய்ச் சாறுகள் படலத்துள் ஊடுருவி நுண்ணுயிரின் சுவரைச் சிதைக்கின்றன. படலத்தைக் குறைப்பதில் குளோர்எக்சிடினே முந்தும். ஈற்றழற்சியைத் தணிப்பதில் நீண்டநாள் ஆய்வுகள் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. கறையும் எண்ணெய்ச் சாற்று நீரில் குறைவு. ஏலக்காயை மெல்லுதல் இதற்கு ஈடாகாது. வாய் மணக்கும், அளவறிந்த மருந்தாகாது.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பைக் குளோர்எக்சிடினோடு ஒப்பிட்ட சென்னை ஆய்வு 2009இல் வெளிவந்தது. இளைஞர் 20 பேரிடம் பத்து நாளில் இரண்டுமே படலத்தையும் அழற்சியையும் குறைத்தன. ஆயினும் இத்துணைச் சிறு கூட்டத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது.

51 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மதிப்பாய்வு, துலக்குதலோடு குளோர்எக்சிடினும் சேர்ந்தால் படலம் வெகுவாகக் குறையும் என்றது. ஆனால் மெல்லிய அழற்சியில், 0 முதல் 3 வரையுள்ள அளவுகோலில், கிட்டிய கூடுதல் தணிவு 0.21 மட்டுமே. மருத்துவ நோக்கில் அது சிறிது.

எனவே துலக்க இயலாத அறுவைக்குப் பிந்திய நாள்களுக்கும், மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கும் குளோர்எக்சிடின். நெடுநாள் துணைக்கு எண்ணெய்ச் சாற்று நீர். கெட்டித்த பற்காறையை எந்த நீரும் கரைக்காது. அதைச் சுரண்டி எடுக்கப் பல் மருத்துவர் வேண்டும். நன்கு துலக்கியும் இரு வாரங்களுக்கு மேல் குருதி கசிந்தால், புட்டியை மாற்றுவதை விட்டு அவரிடம் செல்வதே அறிவு.