நுண்கரு முறைமையில் வன்தட்டுச் செலுத்தியின் தொடக்கம்

கணனியின் பணிசெயல் முறைமையிலே, யாவற்றுக்கும் மேலான அதிகாரத்துடன் இயங்கும் பகுதி கரு எனப்படும். அதனுள் நிகழும் சிறு பிழையும் முறைமை முழுவதையும் வீழ்த்தவல்லது. ஆதலின் கருவை இயன்றவரை சிறிதாக்கி, ஏனைய பணிகளைச் சாதாரண செய்நிரல்களிடம் ஒப்படைத்தல் வேண்டும் என அறிஞர் ஒரு சாரார் கொண்டனர். அவர் கண்டதே நுண்கரு. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய மாக் இவ்வகையில் புகழ்பெற்றது. அம்ஸ்ரடாம் நகரிற் பேராசிரியராயிருந்த அன்றூ தனன்பாம் 2005இல் வெளியிட்ட மினிக்ஸ் 3, வன்தட்டு முதலிய சாதனங்களை இயக்கும் செலுத்திகளையும் கருவுக்கு வெளியே நிறுத்தியது.

கொள்கை செவ்விது, செயலிற் கொணருங்கால் ஓரிடர் எதிர்ப்படுகின்றது. செலுத்தியும் ஒரு செய்நிரலேயாயின், அது வன்தட்டில் ஒரு கோப்பாகக் கிடத்தல் வேண்டும். அக்கோப்பைப் படித்தற்கோ வன்தட்டுச் செலுத்தி வேண்டும்! தருக்க நூலார் 'தன்னைப் பற்றுதல்' என்னும் குற்றம் இதுவே. செலுத்தியைத் தன்னகத்தே கொண்ட பெருங்கருவுக்கு இவ்விடர் இல்லை. (லினக்ஸ் கருவும் செலுத்தியைப் பிரித்து வைக்குமிடத்து இதே இடருக்கு ஆளாகும் என்பதை அதன் அன்பர்கள் மறந்துவிடுகின்றனர்.)

இம்முடிச்சை அவிழ்ப்பது தொடக்க ஏற்றியாகும். கணனிக்கு மின்னூட்டியவுடன் விழித்தெழும், தாய்ப்பலகையிற் பதிந்துள்ள செய்நிரல், வன்தட்டை ஒருவாறு படிக்க அறியும். அதன் துணைகொண்டு ஏற்றியானது கருவை மட்டுமன்றி, முதலில் எழவேண்டிய செய்நிரல்களையும் நினைவகத்திற் கொணர்ந்து வைக்கின்றது. எனவே சார்பு நீங்கிற்றன்று, இடம் மாறிற்று. உற்பத்தியாளர் எழுதிய, நாம் காணாத செய்நிரல் ஒன்றை நம்பியே நுண்கரு கண் விழிக்கின்றது.

1990இல் தொடங்கப்பட்ட கினூ ஹேர்ட் முறைமை இதற்கு நல்ல சான்று. நெடுங்காலம் அதன் வன்தட்டுச் செலுத்திகள் மாக் கருவினுள்ளேயே இருந்தன. 2025இல் வெளிவந்த டெபியன் ஹேர்ட்டின் 64 பிற் பதிப்பிலோ, நெற்பிஎஸ்டியிலிருந்து பெற்ற செலுத்திகள் கருவுக்கு வெளியே இயங்குகின்றன. கிறப் என்னும் ஏற்றி, மாக் கருவுடன், உட்சாதனங்களைக் கண்டறியும் செய்நிரலையும் வன்தட்டுச் செலுத்தியையும் கோப்புச் சேவையகத்தையும் நினைவகத்தில் இடுகின்றது. முன்னது எழுந்து பின்னதற்கு வழிவிடுகின்றது.

இம்முதற் செய்நிரல்களுக்கு இரு கட்டுப்பாடுகள் உள. பல செய்நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரற்றொகுதிகள் வன்தட்டிலே கிடப்பன. இவற்றுக்கு அவை எட்டா. ஆதலின் வேண்டுவன யாவற்றையும் இவை தம்முள்ளே இணைத்துக்கொண்டு வருதல் வேண்டும். மற்றது, நினைவகத்தில் இடம் குறையுங்கால் பயன்படாத பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்புதல் முறைமைகளின் வழக்கம். செலுத்தியின் பக்கமே அவ்வாறு அனுப்பப்படின் அதை மீட்டுத் தருவார் யார்? அதனாற் செலுத்தியின் பக்கங்கள் நினைவகத்தில் அசையாதபடி பிணிக்கப்படுகின்றன.

பிறப்பில் எழுந்த இவ்விடர் இறப்பிலும் தொடர்கின்றது. மினிக்ஸ் 3இல், வீழ்ந்த செலுத்திகளை மீள எழுப்புதற்கென ஒரு சேவையகம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கிட்ட பெயரின் பொருள் 'மறுபிறவி' என்பதாம். வன்தட்டுச் செலுத்தி வீழ்ந்தால் அதன் கோப்பை வன்தட்டிலிருந்து பெறல் ஒல்லாது. ஆகவே அதன் படியொன்று முன்னரே நினைவகத்தில் வைக்கப்பட்டுள்ளது. புதிய செலுத்தி எழுந்ததும், முடிவுறாத வேண்டுகோள்களைக் கோப்புச் சேவையகம் மீண்டும் விடுக்கின்றது. ஒரே துண்டத்தில் ஒரே தரவை இருமுறை எழுதினாலும் பயன் ஒன்றேயாதலின் இதனாற் கேடில்லை. அச்சுப்பொறிக்கு இது பொருந்தாது. அங்கே ஒரு பக்கம் இருமுறை அச்சாகிவிடும்.