மேற்கோள் தாக்கம்: கம்பியில்லாத் தொடர்பு ஆய்வாளர் ஒருவரை அளத்தல்

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டியுள்ளனர் என்பதைக் கொண்டு அவரது பணியின் வீச்சை மதிப்பிடுவது மேற்கோள் தாக்கம் எனப்படும். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை, தொடர்புடைய கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க உதவும் நூலகக் கருவியாகவே பிறந்தது. ஆட்களை எடைபோடும் தராசாக அது மாறியது பின்னாளில்தான். 2004-இல் ஸ்கோப்பசும் கூகுள் ஸ்காலரும் வந்தபின் இந்த எண்ணிக்கை எவர் கைக்கும் எட்டியது. இன்று பணி நியமனம், பதவி உயர்வு, கல்லூரித் தரவரிசை ஆகியவற்றில் அதற்குப் பங்கு உண்டு.

மிகுதியாகப் புழங்கும் அளவை எச்-சுட்டெண். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்மொழிந்தது. ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 50, 20, 9, 5, 4, 2 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று கொள்வோம். நான்கு கட்டுரைகளுக்குக் குறைந்தது நான்கு மேற்கோள்கள் உள்ளன. ஐந்து கட்டுரைகளுக்கு ஐந்து வீதம் இல்லை. ஆகவே எச்-சுட்டெண் 4. முதல் கட்டுரையின் 50 மேற்கோள்கள் 5,000 ஆனாலும் விடை அதே 4தான். கம்பியில்லாத் தொடர்பியலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சியாவாஷ் அலமூட்டி 1998-இல் தனியொருவராக எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. எச்-சுட்டெண் கணக்கில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான்.

பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜின் வாழ்க்கை இந்த அளவைகளுக்கு நல்ல சோதனை. இந்தியக் கடற்படையில் இருந்தபோது அவர் தலைமையில் உருவான அப்சோ சோனார், 1980களில் போர்க்கப்பல்களில் இடம்பெற்றது. பாதுகாப்புத் துறைப் பணி என்பதால் மேற்கோள் தரவுத்தளத்தில் அதன் தடம் மிகச் சிறியது. அவரது உழைப்பின் கனமான ஆண்டுகள் சில, கணினித் திரையில் ஏறக்குறைய வெற்றிடமாகத் தெரியும்.

அவர் பெயரோடு இணைந்த மைமோ தொழில்நுட்பத்தின் கதை வேறு. பல அலைவாங்கிகளை வைத்து ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பும் இம்முறைக்கு, ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் அது கிடைத்தது. பின்னர் வைஃபையின் 802.11என் தரத்திலும் நான்காம் தலைமுறை அலைபேசியிலும் மைமோ அடித்தளமானது. ஆனால் எச்-சுட்டெண் கட்டுரைகளை வைத்தே போடப்படுகிறது. ஒரு தொழில்நுட்பம் எத்தனை கோடிக் கருவிகளில் ஓடுகிறது என்பது அதில் வராது. அவருக்கு 2014-இல் மார்க்கோனி பரிசு வழங்கியவர்கள் வெறும் மேற்கோள் பட்டியலைப் பார்த்து முடிவு செய்திருக்க முடியாது.

கூட்டாய்வை அளக்க, ஆய்வாளர்களைப் புள்ளிகளாகவும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை இணைப்புக் கோடுகளாகவும் கொண்டு வலை வரைவர். பால்ராஜின் வலையில் கைலாத், ரிச்சர்ட் ராய், ரோகித் நாபர், தனஞ்சய் கோரே, ஹெல்முட் போல்ச்கை முதலியோர் தென்படுவர். நால்வர் எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கா, கால் பங்கா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. சமிக்ஞை வரும் திசையை அறியும் எஸ்பிரிட் முறையில் பால்ராஜ், ராய், கைலாத் மூவரும் 1980களின் நடுவில் சேர்ந்து எழுதினர். பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவதோ ராயும் கைலாத்தும் 1989-இல் எழுதிய கட்டுரையை. யார் யாரோடு நின்றார் என்பதை வலை காட்டும்; எந்தக் கருத்து யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லாது.

துறை விட்டுத் துறை ஒப்பிடுவது இன்னும் தவறானது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அந்த நீரழுத்தம் பற்றிய நல்ல கட்டுரையைப் படிப்பவர்கள் உலகிலேயே சிலர்தான் இருப்பார்கள். ஐந்தாம் தலைமுறை அலைபேசி பற்றிய நடுத்தரமான கட்டுரைக்குக்கூட ஆயிரக்கணக்கான வாசகர்கள் உண்டு. நகரியத்தில் வளர்ந்து ஒருவர் சுரங்கவியலுக்கும் மற்றவர் தொடர்பியலுக்கும் போன இரு வகுப்புத் தோழர்களை எச்-சுட்டெண்ணால் ஒப்பிடுவது, புளியமரத்தையும் மிளகாய்ச் செடியையும் உயரத்தால் ஒப்பிடுவது போன்றது. ஒரே துறை, ஒரே ஆண்டுக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடும் அளவைகள் இதற்காகவே உருவாயின.

தமிழருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: தலைப்பெழுத்து. கல்லூரியில் 'ஆர். குமார்' என்று கட்டுரை வெளியிட்டவர், கடவுச்சீட்டில் தந்தை பெயரை விரித்தெழுதியபின் 'குமார் ராமசாமி' ஆகிறார்; வெளிநாட்டில் 'ராமசாமி' என்ற குடும்பப் பெயரில் பதிவாகிறார். தரவுத்தளம் அவரை இருவராகப் பிரித்துவிடும். மறுபுறம், நூற்றுக்கணக்கான 'எஸ். குமார்'களை ஒருவராகச் சேர்த்தும் விடும். முதல் பிழையில் எச்-சுட்டெண் சரிகிறது. இரண்டாவதில் முகம் தெரியாதவரின் உழைப்பு கணக்கில் ஏறுகிறது. திருமணத்துக்குப்பின் தலைப்பெழுத்து மாறும் பெண்களுக்கு இழப்பு மேலும் கூடுதல். 2012-இல் தொடங்கிய ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் இதற்கான தீர்வு, கட்டணம் கிடையாது. முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே அதைப் பெற்று, பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டால், பின்னாளில் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக மீட்டுச் சேர்க்கும் வேலை இருக்காது.