இரைச்சலை நீக்கப் போய் உயிருக்கு உலை வைக்கலாகாது

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள், ஆலயக் கலை நிகழ்வுகள், மீலாத் விழாக்கள் என எமது ஒன்றுகூடல்கள் அனைத்திலும் கணனியிலிருந்து பாடல்களையும் உரைகளையும் ஒலிக்கச் செய்வது வழமையாகிவிட்டது. கணனியை அம்பிளிபயருடன் இணைத்த மறுகணமே ஸ்பீக்கரிலிருந்து இடைவிடாத இரைச்சலொன்று எழுவதும் அதேயளவு வழமையானதே. ஆயினும், இரைச்சலை விடக் கவலை தருவது அதனை நிறுத்தச் சிலர் கையாளும் வழியாகும். பிளக்கைத் திறந்து புவித்தொடுப்பு வயரைக் கழற்றிவிடுகின்றனர். இரைச்சல் நின்றுவிடுகின்றது, ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகின்றது.

இவ்விரைச்சல் தோன்றுவது எவ்வாறு? கணனியும் அம்பிளிபயரும் வெவ்வேறு பிளக்குகள் மூலம் புவித்தொடுக்கப்பட்டிருக்கும்போது, அவற்றை இணைக்கும் ஒலி வயரின் வெளியுறை இரண்டுக்குமிடையே மற்றொரு பாதையைத் திறந்துவிடுகின்றது. இவ்வாறு உருவாகும் வளையத்தில் சிறியதொரு மின்னோட்டம் பாய்கின்றது. எமது நாட்டின் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவைகள் அலைவதால், 50 ஹேர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் இசையுடன் கலந்து, அம்பிளிபயரினால் பன்மடங்கு பெருக்கப்படுகின்றன.

பரிகாரம் தேடுமுன் காரணத்தை உறுதிசெய்வது அவசியம். ஒலி வயரை அம்பிளிபயரிலிருந்து கழற்றிய பின்னரும் இரைச்சல் நீடித்தால், குறை பெரும்பாலும் அம்பிளிபயரிலேயே உள்ளது. அதனைத் திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டும். மடிக்கணனியாயின், சார்ஜரைக் கழற்றி பற்றரியில் இயக்கிப் பார்க்கலாம். அப்போது இரைச்சல் மறையுமாயின், மேற்கூறிய வளையமோ சார்ஜரோதான் காரணமாகும். குறுகிய நிகழ்வொன்றுக்குப் பற்றரியே போதுமான பரிகாரமுமாகும்.

ஏனைய பரிகாரங்களும் கடினமானவையல்ல. இரு சாதனங்களுக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் பெறுவது முதலாவது வழி. தரமான, இயன்றளவு குறுகிய ஒலி வயரைப் பயன்படுத்தி, அதனை மின் வயர்களிலிருந்து விலக்கி வைப்பது இரண்டாவது. இவற்றாலும் தீராவிடின், ஒலி வயருக்கு இடையில் பொருத்தும் சிறிய தனிமைப்படுத்தும் நிலைமாற்றியைப் பயன்படுத்தலாம். அது ஒலியைக் காந்தப்புலத்தின் வழியே கடத்தி, வளையத்தைத் துண்டித்துவிடும். புளூடூத் இணைப்பிலும் ஒளியிழை இணைப்பிலும் இவ்வளையமே உருவாவதில்லை. இவை யாவும் ஒலி செல்லும் பாதையில் செய்யப்படும் மாற்றங்கள். மின்சாரப் பாதுகாப்பில் எவரும் கைவைப்பதில்லை.

புவித்தொடுப்பு வயர் வீணாக வைக்கப்பட்டதொன்றல்ல. அம்பிளிபயரினுள் மின்கசிவு ஏற்பட்டு அதன் உலோக உடல் மின்னேற்றம் பெறும்போது, அம்மின்னோட்டத்தைப் புவிக்குக் கடத்தி, பியூஸ் எரியவோ ட்ரிப் சுவிட்ச் விழவோ வழிசெய்வது அதுவே. அவ்வயர் இல்லாதவிடத்து அப்பாதை மனித உடலாகின்றது. ஒலிவாங்கியின் உலோக உடல் பொதுவாக வயரின் வெளியுறை மூலம் அம்பிளிபயரின் உடலோடு தொடர்புபட்டிருப்பதையும் மறத்தலாகாது. ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ வெறுங்காலுடன் ஒலிவாங்கியைப் பற்றி நிற்பவரின் நிலை அப்போது என்னவாகும்?

ட்ரிப் சுவிட்ச் இருக்கின்றதே என அசட்டையாக இருப்பதும் தவறாகும். அது மேலதிகக் காப்பேயன்றிப் புவித்தொடுப்புக்கு மாற்றீடல்ல. ஆகவே விழா ஏற்பாட்டாளர்களும் பாடசாலை நிர்வாகங்களும் தத்தமது ஒலிச் சாதனங்களின் பிளக்குகளை ஒரு தடவை பரிசோதித்து, கழற்றப்பட்ட வயர்களைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு மீளப் பொருத்துவது அவசியமாகும். இரைச்சலைச் சில நிமிடங்கள் சகித்துக்கொள்ளலாம். இழந்த உயிரை மீட்க எவராலும் முடியாது.